மூன்று வருடம், நாற்பது மூட்டை: எங்கள் வீட்டுப் பெல்லட் கிரில்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். 2022 மார்ச்சில் வீட்டுப் பின்புறத்துக்கு ஒரு பெல்லட் கிரில் வாங்கினேன், அதாவது பெல்லட் என்கிற சிறு மரக்குச்சிகளை எரித்துச் சமைக்கிற அடுப்பு. நடுத்தர மாடல், 700 டாலருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, 20 பவுண்டு மூட்டைக் கணக்கில் 40 மூட்டை எரித்தாகிவிட்டது. ஆபீஸிலும் பியர்லாண்ட் மீனாட்சி கோயில் சாப்பாட்டுக் கூடத்திலும் பார்க்கிறவர்கள் "வாங்கலாமா அண்ணே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனி பெல்லட் கிரில்லுக்கும் பொருந்தும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமையலுக்கு அருமையான அடுப்பு, நான் மறுபடியும் வாங்குவேன். ஆனால் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். பெல்லட் காய்ந்திருக்க வேண்டும், சாம்பல் அள்ளியிருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறவருக்கு இந்த அடுப்பு பத்து வருடம் உழைக்கும், செய்யாதவர் ஒரே வருடத்தில் பாதி விலைக்கு விற்றுவிடுவார். அப்படி விற்றவர்கள் இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே உண்டு.

தெரியாதவர்களுக்கு, இது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாக. மரத்தூளை அழுத்தி அழுத்தி, சுமார் 6 மில்லிமீட்டர் பருமனில் சிறு குச்சிகளாக வெட்டியதுதான் பெல்லட். பசை எதுவும் சேர்ப்பதில்லை, அழுத்தும்போது வரும் சூட்டில் மரத்திலேயே இருக்கிற லிக்னின் இளகிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் ஹாப்பர் என்ற பெட்டியில் இதைக் கொட்டி வைக்கிறோம். ஹாப்பருக்கு அடியில் ஆகர் என்ற நீளமான திருகுத் தண்டு, அதைச் சின்ன மோட்டார் ஒன்று மெதுவாகச் சுற்ற, பெல்லட் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நடுவில் இருக்கிற நெருப்புக் கிண்ணத்தில் விழுகிறது. கிண்ணத்தில் இக்னைட்டர் என்ற சூடேறும் கம்பி இருக்கிறது, அது முதல் சில நிமிடம் மட்டும் பழுத்துத் தீ மூட்டிக் கொடுக்கும். அப்புறம் ஃபேன் ஊதுகிற காற்றில் தீ தானாக நிற்கும். மேலே ஒரு தகடு, அதன் மேல் கொழுப்பு வடியும் தட்டு, அதற்கும் மேல் கம்பி வலை, வலையில் கறி. உள்ளே இருக்கும் சூட்டை ஒரு சென்சார் அளந்து கன்ட்ரோலருக்குச் சொல்லும், கன்ட்ரோலர் ஆகரைக் கூட்டிக் குறைக்கும். அவ்வளவுதான். கரி அடுப்பில் விசிறியும் கையுமாக நிற்கிற ஆளின் வேலையை இங்கே ஒரு மோட்டாரும் ஃபேனும் பார்த்துக்கொள்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர் ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் இருந்த ஜோ ட்ரேகர். 1980களின் நடுவில் உருவாக்கினார், 1986இல் காப்புரிமை வாங்கினார். இருபது வருடம் கழித்து அந்த உரிமை காலாவதியானதும் மற்ற கம்பெனிகள் எல்லாம் இறங்கின. நமக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. எல்லாருடைய அடுப்பும் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு என்பதால் இக்னைட்டர், ஃபேன், ஆகர் மோட்டார் எல்லாம் வெளியில் தாராளமாகக் கிடைக்கின்றன, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் எல்லா ரிப்பேரையும் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இனி ஹூஸ்டன் ஈரத்துக்கு வருகிறேன். வாங்கின முதல் கோடையில் பாதி ஹாப்பர் பெல்லட்டை அப்படியே விட்டுவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தோம். கவர் போட்டுத்தான் போனேன். திரும்பி வந்து ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, மோட்டார் ஒரு முனகல் முனகி நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்து ஹாப்பருக்குள் கையை விட்டேன். மேலே இருந்த பெல்லட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, விரலால் அழுத்தினால் ஊறின ரஸ்க் மாதிரி பொடிந்தது. அடியில் ஆகருக்குள் போனது காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, குழாயோடு குழாயாக இறுகி சிமெண்ட் ஆகிவிட்டது. மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கிற போல்ட்டைக் கழற்றி, நெருப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, ரெஞ்சால் தண்டைப் பின்னோக்கித் திருகித் திருகி, நீளமான ஸ்க்ரூ டிரைவரால் கொத்திக் கொத்தி எடுத்தேன். நாலு மணி நேரம். வந்து விழுந்தது பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக, தச்சுப்பட்டறையில் மழை பெய்த மாதிரி ஒரு வாசனை. நல்லவேளை தண்டு வளையவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். சமையல் முடிந்தால் ஹாப்பரில் மிச்சம் இருக்கிற பெல்லட்டை அன்றைக்கே வாளிக்கு மாற்றிவிடுவேன். 5 கேலன் பிளாஸ்டிக் வாளி, ரப்பர் வளையத்தோடு திருகி மூடுகிற மூடி. ஒரு மூட்டை ஒரு வாளியில் அடங்கும். வாளிக்கு மேல் எந்த மரம் என்று டேப்பில் எழுதி ஒட்டி, வீட்டுக்குள் துணி துவைக்கிற அறையில் வைத்திருக்கிறேன், கராஜில் வைப்பதில்லை, இந்த ஊர் கராஜ் ஆகஸ்ட் மாதத்தில் இட்லிக் கொப்பரைதான். புது மூட்டை வாங்கும்போது ஒரு பெல்லட்டை எடுத்து உடைத்துப் பார்க்கலாம்: 'டிக்' என்று சத்தம் வந்து சுத்தமாக உடைந்தால் நல்லது, சத்தமே இல்லாமல் நொறுங்கினால் ஈரம் ஏறியது. மேல்பக்கம் லேசாகப் பளபளக்கவும் வேண்டும். மூட்டையின் அடியில் தூள் நிறைய இருந்தால் பழைய சல்லடையில் சலித்துவிட்டுத்தான் போடுகிறேன், தூளும் ஆகரில் அடைக்கும். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு விற்கிற பெல்லட் விலை குறைவு என்று அதை வாங்கிச் சமைக்காதீர்கள். அதில் என்ன மரம் கலந்திருக்கிறது என்று தெரியாது, ஊசியிலை மரம் இருந்தால் புகை பிசின் வாடை அடிக்கும், சாப்பாட்டுக்கு ஆகாது.

மரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் பெரும்பாலும் ஓக். நடு டெக்சாஸ் முழுக்க போஸ்ட் ஓக் விறகில்தான் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) செய்கிறார்கள், எந்தக் கறிக்கும் ஒத்துப்போகிற மரம். கோழிக்குச் செர்ரி, நிறம் அழகாக வரும். மெஸ்கீட் நம் மசாலாவோடு சேர்த்தால் கசப்பு தூக்கலாகிவிடுகிறது என்பது என் அனுபவம். மெஸ்கீட் என்றால் நம்ம ஊர்ச் சீமைக்கருவேலத்தின் சொந்தக்கார மரம்தான், ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் பார்த்தவர்களுக்கு அந்தப் புகை வாடை பழகியதாகவே இருக்கும். இன்னொன்று, மூட்டையில் பெரிய எழுத்தில் ஒரு மரத்தின் பெயர் போட்டிருந்தாலும் உள்ளே பாதிக்கு மேல் ஓக் அல்லது ஆல்டராக இருக்கலாம். சின்ன எழுத்தையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

சாம்பல். இதைத்தான் நான் உண்மையில் எழுத வந்தேன். பெல்லட் சாம்பல் மிக மெல்லியது, விபூதி மாதிரி. நெருப்புக் கிண்ணத்தின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும், ஃபேன் காற்று அது வழியாகத்தான் தீக்குப் போகிறது. சாம்பல் ஏற ஏறத் துளைகள் மூடும், தீ மூச்சு முட்டும். 2023 தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, பன்னிரண்டு பேருக்கு ஆட்டுத் தொடை வைத்திருந்தேன். அதற்கு முன் மூன்று சமையலுக்கு அடுப்பைச் சுத்தம் செய்யவில்லை, இன்று ஒருநாள் தாங்கும் என்று நினைத்தேன். மூன்றாவது மணி நேரத்தில் சூடு 250 டிகிரியிலிருந்து (நான் சொல்வதெல்லாம் ஃபாரன்ஹீட்) 180க்கு இறங்கிவிட்டது. தீ அணைந்ததே தெரியாமல், சூடு குறைகிறதே என்று கன்ட்ரோலர் மேலும் மேலும் பெல்லட்டைக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவசரத்தில் அணைத்து, அப்படியே மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அதுதான் தப்பு. குவிந்து கிடந்த பெல்லட் முழுக்க ஒரே நேரத்தில் புகைய ஆரம்பித்தது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கெட்டியான புகை புகைப்போக்கியில் அடங்காமல் மூடி இடுக்கு எல்லாவற்றிலும் பீறிட்டது, அப்புறம் 'பொப்' என்று ஒரு சத்தம், மூடி அரை அடி தூக்கிப் போட்டு விழுந்தது. எரியாத புகையே எரிவாயுதான், அது உள்ளே நிரம்பி ஒரே வீச்சில் பற்றினால் இப்படித்தான் ஆகும். பக்கத்தில் அப்போது குழந்தைகள் யாரும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: சமையல் நடுவில் தீ அணைந்தால், எவ்வளவு பேர் பசியோடு உட்கார்ந்திருந்தாலும் சரி, கறியை எடுத்து வீட்டு ஓவனில் வையுங்கள். அடுப்பை அணைத்து ஆறவிட்டு, வலை, தட்டு, தகடு மூன்றையும் தூக்கி, கிண்ணத்தில் இருப்பதை முழுக்க அள்ளிவிட்டு, அப்புறம்தான் மறுபடி மூட்ட வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். இரண்டு சமையலுக்கு ஒரு தடவை சுத்தம், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடினால் அந்த ஒரு தடவைக்கே சுத்தம். மறுநாள் காலையில்தான் கை வைப்பேன், ஏனென்றால் சாம்பலுக்கு அடியில் கங்கு வெகு நேரம் உயிரோடு இருக்கும், வேக்யூமால் அந்தக் கங்கை இழுத்துவிட்டால் வேக்யூமே பற்றிக்கொள்ளும். முதலில் கொழுப்புத் தட்டை பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுப்பேன். வேக்யூமால் கிண்ணம், துளைகள், அடுப்பின் அடித்தளம். சாம்பல் மூடி போட்ட தகர டின்னுக்குப் போகும், அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் குப்பைக்கு. அப்புறம் பலரும் விட்டுவிடுகிற ஒன்று: சுவரை ஒட்டிச் சின்ன விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற சென்சார். அதில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் உண்மையான சூடு அதற்குத் தெரியாது, கன்ட்ரோலர் கண்டபடி ஏற்றி இறக்கும். வினிகர் தொட்ட துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். எல்லாம் சேர்த்து 25 நிமிடம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆகரை உருவிப் பார்ப்பதும், புகைப்போக்கித் தொப்பியைச் சுரண்டுவதும் தனி.

கம்பி வலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம். ஒரு இழை கழன்று வலையில் ஒட்டி, கறியோடு தொண்டைக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கித் தேய்த்தாலே சுத்தமாகும், இல்லையென்றால் மரச் சுரண்டி.

கொழுப்பு வழிந்து வாளிக்குப் போகிற வாய்க்கால் அடைத்துக்கொண்டால் உள்ளேயே கொழுப்புத் தீ பிடிக்கும். எனக்கு இதுவரை வந்ததில்லை. வந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைத் திறக்கவும் கூடாது, ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காற்று போகாமல் விட வேண்டும். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரிப்பேர் என்று பார்த்தால் மூன்று வருடத்தில் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது வருடம் ஒரு நாள் ஸ்டார்ட் செய்த உடனே வெளி பிளக்கின் பாதுகாப்பு ஸ்விட்ச் 'டக்' என்று விழுந்தது. மறுபடி போட்டால் மறுபடி விழுந்தது. கம்பெனிக்கு போன் செய்தால் புது கன்ட்ரோலர் வாங்கச் சொன்னார்கள், 150 டாலர். எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஹாப்பருக்கு அடியில் இருக்கிற தகட்டைக் கழற்றி, இக்னைட்டர் ஒயரை மட்டும் உருவிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன், விழவில்லை. ஆக, கன்ட்ரோலரில் கோளாறு இல்லை, இக்னைட்டருக்குள்ளே கரண்ட் கசிகிறது. 20 டாலருக்கு வேறு இக்னைட்டர் வாங்கி மாட்டினேன், இருபது நிமிட வேலை. அது வரும் வரைக்கும் சமைக்காமல் இருக்கவும் இல்லை: கிண்ணத்தில் ஒரு கைப்பிடி பெல்லட்டைப் போட்டு, சின்ன கேஸ் டார்ச்சால் பற்றவைத்து, தீ நின்றதும் ஸ்விட்சைப் போட்டால் அடுப்பு பாட்டுக்கு ஓடும். ஒரு இக்னைட்டர் எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக வாங்கிப் போட்டவற்றில் எது காசுக்குத் தகும் என்று கேட்டால், முதலிடம் புகைக் குழாய்க்கு. துளை போட்ட ஒரு அடி எவர்சில்வர் குழாய், 15 டாலர்தான். உள்ளே பெல்லட்டை நிரப்பி ஒரு முனையில் பற்றவைத்து, நன்றாகப் பிடித்ததும் ஊதி அணைத்து வலையின் ஓரத்தில் படுக்க வைத்தால் நாலைந்து மணி நேரம் ஊதுபத்தி மாதிரி புகைந்துகொண்டே இருக்கும். பெல்லட் கிரில்லின் உண்மையான குறையே புகை போதாததுதான், ஏனென்றால் ஃபேன் ஊதும் சின்னத் தீ சுத்தமாக எரிகிறது, சுத்தமாக எரிகிற தீயில் புகை குறைவு. பார்பெக்யூவுக்குப் பேர்போன டெக்சாஸ் ஊரான லாக்ஹார்ட் போய், விறகுக் குழியில் இரவெல்லாம் ஆள் உட்கார்ந்து தள்ளித் தள்ளி எரித்த பிரிஸ்கெட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் இந்த வித்தியாசம் நாக்கில் தெரியும். குழாய் அந்த இடைவெளியில் பாதியை மூடுகிறது. முழுதாக மூடாது.

அடுத்து மூடி ஓரத்துக்குச் சூடு தாங்குகிற நார் டேப். ஒட்டுவதற்கு முன் பழைய பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் உரிந்து தொங்கும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. சரியாக ஒட்டிய பிறகு குளிர்நாளில் பெல்லட் செலவு கண்கூடாகக் குறைந்தது. சாதாரணமாக 225 டிகிரியில் மணிக்கு ஒரு பவுண்டு சுமார் எரியும், 450இல் இரண்டு மடங்குக்கும் மேல். மூட்டை 15லிருந்து 20 டாலர் என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கன்ட்ரோலர் மாற்றச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். பழைய மாடல் என்றால் மாற்றுங்கள். அவை கடிகாரக் கணக்கில் ஓடுபவை, ஆகரைச் சில விநாடி சுற்றிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்கும், சூடு இருபது முப்பது டிகிரி மேலும் கீழும் ஆடும். பிஐடி வகைக் கன்ட்ரோலர் விடாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே ஐந்து பத்து டிகிரிக்குள் பிடித்து வைக்கும். இப்போது விற்பதில் பெரும்பாலும் அதுதான் வருகிறது, என்னுடையதிலும் அதுதான். வைஃபை ஒரு வசதி, அதற்காக இருநூறு டாலர் கூடக் கொடுக்க மாட்டேன். அதற்குப் பதில் கறிக்குள் குத்துகிற நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

சமையலுக்கு வருவோம். எங்கள் வீட்டில் அதிகம் ஏறுவது ஆட்டுத் தொடைதான். ஹலால் கடையில் எலும்போடு 5 பவுண்டு முழுத் தொடை, வெட்டாமல் கொடுக்கச் சொல்ல வேண்டும். மேல் சவ்வை உரித்துவிட்டு, இஞ்சி பூண்டு, கொரகொரப்பாக இடித்த மிளகு, சீரகம், சோம்பு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய் போட்டுத் தடவி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். தயிர் போட்டுப் பார்த்தேன், மேலே கருகிப் படிகிறது, விட்டுவிட்டேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு அப்படியே வைக்க வேண்டும், ஈரமும் குளிர்ச்சியும் இருக்கிற வரைக்கும்தான் கறி புகையை நன்றாக வாங்கும். 225இல் மூன்று மணி நேரம் வெறும் புகை. அதற்கு மேல் அப்படியே விட்டால் ஆட்டுக்கறி வறண்டு நார் நாராகிவிடும், மாட்டுக் கறி மாதிரி உள்ளே கொழுப்பு கிடையாது. அதனால் அலுமினியத் தட்டுக்கு மாற்றி, சின்ன வெங்காயம் முழுதாக ஒரு கை, இரண்டு தக்காளி, எலும்புச் சாறு ஒரு டம்ளர் ஊற்றி, தாளால் இறுக்க மூடி 300இல் இன்னும் இரண்டரை மணி நேரம். தெர்மாமீட்டர் ஊசி வாழைப்பழத்தில் இறங்குகிற மாதிரி இறங்கினால் ஆயிற்று. தட்டில் நிற்கிற சாற்றை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

போன வருடம் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது முதல் துண்டை வெட்டி அவங்க தட்டில்தான் வைத்தேன். பார்த்துவிட்டு, "என்னய்யா, ஓரமெல்லாம் செவப்பா கெடக்கு, வேகவே இல்லையே" என்றாள். மேல்தோலுக்கு அடியில் ஒரு விரற்கடைக்கு ரோஜா நிறத்தில் ஒரு வளையம். வேகாத கறி என்றால் நடுவில்தானே அம்மா சிவப்பாக இருக்கும், இதில் நடு வெந்த நிறம், ஓரம்தான் சிவப்பு என்று காட்டினேன். மரம் எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடு கறியில் இருக்கிற மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்து வைத்துவிடுகிறது, எவ்வளவு வெந்தாலும் போகாது. அம்மா நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு விரலால் ஒரு துண்டைப் பிய்த்து எலும்பிலிருந்து கழன்று வருகிறதா என்று பார்த்தாள், வாயில் போட்டாள், கொஞ்ச நேரம் மென்றாள். "எங்க ஆச்சி கொடியில தொங்கவிட்ட உப்புக்கண்டத்தை அடுப்புத் தணல்ல சுட்டுத் தருவா, அந்த வாசம் வருதுய்யா" என்றாள். நாற்பது மூட்டையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

கோழியில் ஒரு எச்சரிக்கை. 225இல் வைத்தால் தோல் ரப்பராகிவிடும். தோலோடு என்றால் 375க்குக் குறையாமல் வையுங்கள். இந்தியக் கடையில் வாங்குகிற தோல் உரித்த கோழி என்றால் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே 165 வந்தால் சாப்பிடலாம், தொடைக் கறிக்கு 180 வரை விட்டால் இன்னும் மிருதுவாக இருக்கும். பிரிஸ்கெட் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: 160க்குப் பக்கத்தில் வந்து மூன்று நாலு மணி நேரம் ஏறாமல் அப்படியே நிற்கும், அடுப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துச் சூட்டைக் கூட்டாதீர்கள். கறி வியர்த்து அந்த ஈரம் ஆவியாகித் தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்கிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. புட்சர் பேப்பரில் (கறி சுற்றுகிற கெட்டித் தாள்) சுற்றினால் ஏற ஆரம்பிக்கும், 203இல் எடுத்து ஒரு மணி நேரமாவது ஆறப்போடுங்கள்.

காய்கறிக்காகவே இந்த அடுப்பைப் பற்ற வைக்கிற நாட்களும் உண்டு. பெரிய கத்தரிக்காயை முள்கரண்டியால் குத்தி 400இல் முக்கால் மணி நேரம், தோல் சுருங்கி உள்ளே குழைந்ததும் கொத்சு. தக்காளியும் பூண்டும் 225இல் ஒரு மணி நேரம் புகையில் வைத்து, அந்தத் தக்காளியைக் கரைத்து ரசம் வைத்தால் விறகடுப்பு ரசமேதான். கறி சமைக்கிற அன்றைக்கெல்லாம் ஓரத்தில் நாலு தக்காளி வைத்துவிடுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

ஒத்துவராதது எது என்றால், தீயில் நேராகச் சுட்டுக் கருக்குகிற எதுவும். சீக் கபாப், தந்தூரி, வஞ்சிரம் வறுவல் மாதிரிக்கு இதில் சூடு போதாது, தீயும் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. வலை மேல் கனமான இரும்புத் தோசைக்கல்லை வைத்து 450இல் அரை மணி நேரம் காயவிட்டு மீன் போட்டால் ஓரளவுக்கு வருகிறது. அதற்குக் கரி அடுப்பே மேல், உண்மையைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பலவீனம் கரண்ட். 2024 ஜூலை 8ஆம் தேதி பெரில் புயல் கரையேறியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் கரண்ட் போனது, எங்கள் தெருவில் நாலாவது நாள்தான் வந்தது. ஃபிரீசரில் இருந்த கறியெல்லாம் இளகிக்கொண்டிருக்க, இந்த அடுப்பு ஒரு தகரப் பெட்டியாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரப் பெரியவர் தன் கரி அடுப்பை வேலிக்கு இந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வீட்டுக் கறியும் சேர்த்து அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் பாதிப் பேர் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு பேட்டரி பவர் ஸ்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். இக்னைட்டர் பழுக்கிற முதல் சில நிமிடம் 200லிருந்து 300 வாட் இழுக்கும், அப்புறம் ஃபேனுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து 50 வாட் அளவில்தான், ஆகவே 500 வாட் கொடுக்கிற பேட்டரியே தாராளம். இருந்தாலும் ஒரு சின்னக் கரி அடுப்பும் வாங்கிவிட்டேன்.

புதிதாக வாங்கக் காசு இடிக்கிறது என்றால் பழையதைத் தேடுங்கள், இந்த ஊரில் நிறைய வருகிறது. ஆனால் நேரில் போய், மேல்பூச்சைப் பார்க்காமல் உள்ளே பாருங்கள். வலையையும் தகட்டையும் தூக்கச் சொல்லி நெருப்புக் கிண்ணத்தில் டார்ச் அடியுங்கள், அடி துருவேறி ஓட்டை விழுந்திருந்தால் விலையில் 40 டாலர் குறைத்துக் கேளுங்கள், கிண்ணம் தனியாகக் கிடைக்கும். அடுப்பின் அடித்தளமே துருப்பிடித்து மெலிந்திருந்தால் வேண்டாம். ஹாப்பரின் மூலைகளில் தண்ணீர் இறங்கின தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நீங்களே ஒரு டப்பாவில் காய்ந்த பெல்லட் கொண்டுபோய்க் கொட்டி, ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு. முதலில் வெள்ளைப் புகை கெட்டியாக வரும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் அது மெலிந்து, வெயிலுக்கு எதிரே பார்த்தால் மட்டும் தெரிகிற லேசான நீலமாக மாறிவிட்டால் பணத்தைக் கொடுத்து வண்டியில் ஏற்றிவிடுங்கள்.